ஏழாம் இருக்கை

படகு போகும் திசைக்கு
முதுகைக் காட்டித்தான் உட்காருகிறோம், எட்டுப் பேரும்.
எதிரே வருவதைப் பார்ப்பவள்
சுக்கான் பிடிக்கும் ஒடெட் ஒருத்திதான்.
ஐம்பது கிலோகூட இல்லாத உடம்பு,
ஆற்றையே அதட்டும் குரல்.
எட்டாம் இருக்கையில் கிரெயம்.
அவனுக்குப் பின்னால், ஏழில், நான்.
அணித் தலைவன் என்று பெயர்.
ஆனால் அவன் முதுகு வளையும்போது வளைவதுதான்
என் வேலை.
மூன்று ஆண்டுகளாக விடியற்காலை ஐந்தரைக்கு
செயின்ட் ஜான் ஆற்றின் மூடுபனியில்
நான் பார்த்ததெல்லாம் அந்த முதுகு.
பிடரியில் ஒரு மச்சம்.
அவன் முகத்தைவிட அது எனக்குப் பழக்கம்.

செப்டம்பரில் அணித் தலைவர்களை எல்லாம்
நூலகத்தின் நிலவறையில் கூட்டினார்கள்.
ரக்பி, ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து, மாணவர் பேரவை.
பீட்சா ஆறிக்கொண்டிருந்தது.
முன்னால் நின்ற பெண் கேட்டாள்:
நிற்க முடியாமல் குடித்திருக்கும் ஒருத்தியை
உங்கள் நண்பன் மாடிக்குக் கூட்டிப் போகிறான்.
என்ன செய்வீர்கள்?
தாளில் நான்கு விடைகள்.
'குறுக்கிடுவேன்' என்பதை வட்டமிட்டேன்.
எல்லோரும் அதையேதான் வட்டமிட்டோம்.
சான்றிதழில் என் பெயரை
பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள்.

அக்டோபரில், வென்று திரும்பிய இரவு,
பாட்டு அதிரும் ஒரு வாடகை வீட்டில்
மாடிப்படியில் அந்த முதுகு ஏறியது.
பக்கத்தில் முதலாண்டுப் பெண் ஒருத்தி,
காலில் ஒற்றைச் செருப்பு.
கைப்பிடியைத் தேடிய அவள் கை
காற்றைப் பிடித்தது.
நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன்.
அது அவிழ்ந்திருக்கவில்லை.
அவிழ்த்துவிட்டுக் கட்டினேன்.
இரண்டு முடிச்சு.

"கி... கி... கிரெயம்."
எமெட். மாற்று ஆள்.
இரண்டு பருவமாகியும் படகில் இடம் கிடைக்காதவன்.
யாரோ சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை.
"உன் கா... கார் என் சை... சைக்கிளை
மறிச்சுக்கிட்டு நிக்குது."
எமெட்டிடம் சைக்கிளே கிடையாது.
அந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்கு
அரை நிமிடம் பிடித்தது.
அரை நிமிடத்தில் எங்கள் படகு
நூற்றைம்பது மீட்டர் போகும்.
அந்த அரை நிமிடத்தில்
சமையலறையிலிருந்து ஒடெட் வந்தாள்,
அந்தப் பெண்ணின் அறைத்தோழி வந்தாள்,
சோபாவுக்கு அடியிலிருந்து செருப்பு வந்தது,
வாசலில் டாக்ஸி.

அவ்வளவுதான். எதுவும் நடக்கவில்லை.
நடக்காத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது?
அவள் பெயர் எனக்குத் தெரியாது.
கேட்கும் தகுதியும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

திங்கள் காலை, ஆற்றின் நடுவில்,
"அந்தத் திக்குவாய் என் ராத்திரியக் கெடுத்துட்டான்"
என்றான் கிரெயம்.
பழக்கத்தில் படகு சிரித்தது.
ஒடெட் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.
அவளுக்கு மட்டும்தான் எங்கள் முகங்கள் தெரியும்.
"அவளால நிக்க முடியல, கிரெயம்," என்றேன்
மச்சத்தைப் பார்த்து.
"நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டே இருந்தேன்."
துடுப்புகளிலிருந்து நீர் சொட்டியது.
முதுகு திரும்பவில்லை.
படகில் திரும்பவும் முடியாது, கவிழும்.
பிறகு அது வளைந்தது, வழக்கம்போல்.
நான் வளையவில்லை.
பின்னாலிருந்த துடுப்பு என் துடுப்பில் மோதி
படகு ஒருபக்கம் சாய,
ஒடெட் தன் ஊர்ப் பிரெஞ்சில் எங்கள் எல்லோரையும் திட்டினாள்.
அந்த வாரம் இரண்டு பேர் என்னோடு பேசவில்லை.
பயிற்சியாளர் என்னை நான்காம் இருக்கைக்கு மாற்றினார்.

டிசம்பரில் கிரெயம்
வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான்.
அங்கேயும் ஆறு இருக்கிறது.

இந்தச் செப்டம்பரில் நிலவறையில்
முன்னால் நிற்பது நான்.
எமெட்டைத்தான் முதலில் கேட்டார்கள்,
"பே... பேசவா?" என்று சிரித்து மறுத்துவிட்டான்.
விடைத்தாள் எதுவும் நான் கொடுக்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைக் காட்டி
அரை நிமிடம் சும்மா இருக்கச் சொல்கிறேன்.
பத்து நொடியில் ஒருவன் இருமுகிறான்.
இருபதில் நாற்காலிகள் முனகுகின்றன.
ஹாக்கி அணித் தலைவன்
குனிந்து
தன் ஷூவைப் பார்க்கிறான்.